அஞ்சல் உறை முதல் கடவுச்சொல் வரை: கோவை வட்டாரத்தை முன்வைத்துத் தகவல் தனியுரிமையும் தனிமனிதப் பொறுப்பும்

ஆய்வுச்சுருக்கம்

கணினி ஊடுருவல், இணையவழித் தனியுரிமை மீறல் ஆகியவற்றைப் பற்றிய பொதுப் பேச்சு பெரும்பாலும் ஒவ்வொருவரும் தத்தம் கடவுச்சொல்லைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற அறிவுரையோடு முடிந்துவிடுகிறது. பிறருடைய தகவலைக் கையில் வைத்திருப்பவரின் கடமை அப்பேச்சில் போதிய இடம் பெறுவதில்லை. அஞ்சல், தந்திச் சட்டங்கள் தகவலை ஏந்திச் செல்பவர் மீதே முதன்மைக் கடமையைச் சுமத்தின. கைப்பேசியின் வரவால் ஒவ்வொருவரும் பிறர் தகவலை ஏந்துபவராக மாறியுள்ள நிலையில், அக்கடமை எங்கே சென்றது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. கோவை ஆர்.எஸ்.புரத்தின் அஞ்சல் மரபு, 1998ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்பு, 2019ஆம் ஆண்டுப் பொள்ளாச்சி வழக்கு, 2024இல் தமிழ்நாட்டில் நிகழ்ந்த தரவுக் கசிவுகள் ஆகியன இதற்குச் சான்றுகளாகின்றன.

திறவுச்சொற்கள்: தனியுரிமை, கணினி ஊடுருவல், தனிமனிதப் பொறுப்பு, கோயம்புத்தூர், பொள்ளாச்சி வழக்கு, தரவுப் பாதுகாப்பு

முன்னுரை

கோயம்புத்தூரின் ஆர்.எஸ்.புரம், அந்நகரின் நகராட்சித் தலைவராக விளங்கிய இரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் அமைந்தது. அவர் பெற்ற 'திவான் பகதூர்' பட்டம் அப்பகுதியின் முதன்மைச் சாலைக்கு டி.பி. சாலை என்ற பெயரைத் தந்தது. 1972 ஆகஸ்ட் 15இல் நாடு முழுவதும் அஞ்சல் குறியீட்டு எண் முறை நடைமுறைக்கு வந்தது. 641002 என்ற எண் இங்குள்ள தலைமை அஞ்சலகத்திற்கு உரியது. வணிகர், மருத்துவர், வழக்கறிஞர், ஆலை அலுவலர் எனப் பலதரப்பட்டோர் வாழும் இப்பகுதியின் செய்திகள் நெடுங்காலம் அஞ்சல் பைகளில்தான் பயணம் செய்தன.

அக்கால மக்கள் தனியுரிமை என்ற சொல்லை அறியாதிருக்கலாம். அதன் நடைமுறையை அறிந்திருந்தனர். வழியில் எவரும் படிக்கலாம் என்று தெரிந்தே அஞ்சலட்டையில் எழுதினர். பிறர் கண்ணில் படக்கூடாததை உறையிலிட்டு ஒட்டினர். எதை எதில் எழுதுவது என்ற தேர்வு எழுதுபவரிடம் இருந்தது. இன்றைய கைப்பேசிச் செய்தி பார்வைக்கு ஒட்டிய உறைபோலத் தோன்றுகிறது. பெறுபவர் விரல் ஒன்றை அசைத்தால் அது ஆயிரம் பேர் படிக்கும் அஞ்சலட்டையாகிவிடுகிறது. இந்த மாற்றத்தில் பொறுப்பு எவருடையது என்பதே இக்கட்டுரையின் வினா.

1. மூடிய உறையும் ஏந்துபவரின் கடமையும்

1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம் இருமுகம் கொண்டது. பொது நெருக்கடியின்போதோ பொதுப் பாதுகாப்பின் பொருட்டோ அஞ்சல்களை இடைமறிக்கும் அதிகாரத்தை அதன் 26ஆம் பிரிவு அரசுக்கு வழங்கியது. குடியேற்ற அரசின் ஐயப்பார்வை அதில் வெளிப்படையாகத் தெரிகிறது. அதே சட்டத்தின் 53ஆம் பிரிவோ, கடமைக்கு மாறாக ஓர் அஞ்சலைத் திறக்கும் அஞ்சல் அலுவலருக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்தது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் இவ்வாறே அமைந்தது. செய்தியின் உள்ளடக்கத்தை முறைகேடாக அறிய முயலும் வெளியாளுக்கு 24ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறை என்றது. செய்தியை இடைமறித்தோ வெளியிட்டோ கடமை தவறும் தந்தி அலுவலருக்கு 26ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறை என்றது.

இந்த இரு தண்டனைகளுக்கும் இடையிலான வேறுபாடு கருதத்தக்கது. வேலி தாண்டி வந்தவனைவிட, வேலியைக் காக்க அமர்த்தப்பட்டவன் பயிரை மேய்ந்தால் அது பெருங்குற்றம் என்ற நெறி அதில் அடங்கியுள்ளது. மடலை எழுதியவர் அதைச் சரியாக ஒட்டினாரா என்று அச்சட்டம் வினவவில்லை. தகவலை நம்பி ஒப்படைத்தவரைவிட நம்பப்பட்டவருக்கே சுமை மிகுதி என்பது அதன் அடிப்படை.

2. தனியுரிமை உரிமையாக வளர்ந்தமை

தனியுரிமை குறித்த நவீனச் சட்டச் சிந்தனையின் தொடக்கமும் ஒரு கருவியோடு பிணைந்ததே. அமெரிக்கச் சட்ட அறிஞர்களான சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் இருவரும் 1890இல் எழுதிய கட்டுரைக்கு, நொடிப்பொழுதில் படம் பிடிக்கும் புகைப்படக் கருவியும் அப்படங்களை வெளியிடும் இதழ்களும் தூண்டுதலாக இருந்தன. பிறர் தலையீடின்றித் தனித்திருக்க விடப்படும் உரிமை என்ற கருத்தை அவர்கள் முன்வைத்தனர்.

இந்தியாவில் அக்கருத்து நிலைபெற்ற பாதையில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று முக்கியமான படி. மரணதண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவதைத் தடுக்க அலுவலர்கள் முயன்றதை ஒட்டி எழுந்த ஆர். ராஜகோபால் வழக்கில், உச்ச நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. ஒருவர் தம் குடும்பம், மணம், கல்வி போன்றவற்றின் அந்தரங்கத்தைக் காக்கும் உரிமை உடையவர் என்றும், பொது ஆவணங்களில் உள்ளவற்றை வெளியிட இதழ்களுக்கு உரிமை உண்டு என்றும் அது வரையறுத்தது. அவ்விதிக்கு நீதிமன்றம் ஒரு விலக்கையும் குறித்தது. பாலியல் குற்றம் போன்றவற்றால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர், பொது ஆவணத்தில் இருந்தாலும், வெளியிடப்படும் இழிவுக்கு உள்ளாகக்கூடாது என்பது அவ்விலக்கு. பொள்ளாச்சி நிகழ்வுக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கிலேயே அந்நெறி வகுக்கப்பட்டிருந்தது.

இதற்கு எதிர்த்திசையிலான அழுத்தமும் அதே பத்தாண்டில் உருவானது. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் தொடர் குண்டுகள் வெடித்தன. 58 பேர் உயிரிழந்தனர். தேர்தல் பரப்புரைக் கூட்டம் நடைபெறவிருந்த ஆர்.எஸ்.புரமும் அன்று தாக்குதலுக்கு உள்ளானது. அதன்பின் சோதனைச்சாவடிகளும் காவல்துறைக் கண்காணிப்பும் நகர வாழ்வின் பகுதியாயின. உற்றாரை இழந்த நகரத்தில் கண்காணிப்பை எதிர்த்துப் பேசுவது எளிதன்று. பாதுகாப்பு என்ற தேவை அங்கே உயிரிழப்பின் நினைவிலிருந்து எழுந்தது. ஆயினும் அரசு சேர்க்கும் தகவலின் அளவு பெருகப் பெருக, அதைக் காக்கும் கடமையும் பெருகவேண்டும். தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றிய 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தேவை இருந்தாலும் நடைமுறைக் கட்டுப்பாடு இன்றிச் செவிமடுக்கக்கூடாது என்று இதனையே வலியுறுத்தியிருந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில் தனியுரிமை அடிப்படை உரிமையே என ஒருமனதாக அறிவித்தது. தகவல்சார் தனியுரிமைக்கான இடர் அரசிடமிருந்து மட்டுமன்றித் தனியாரிடமிருந்தும் வரக்கூடும் என்பதையும் அத்தீர்ப்பு சுட்டியது.

3. ஊடுருவலைக் குற்றமாக்கிய சட்டம்

2000 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, 'ஹேக்கிங்' என்ற சொல்லையே தலைப்பாகக் கொண்டிருந்தது. குற்றவாளி என்பவர் எங்கோ தொலைவிலிருந்து பூட்டை உடைத்து நுழையும் அறிமுகமற்றவர் என்ற கற்பனை அதன் பின்னணியில் இருந்தது. ஆனால் தமிழ்நாட்டில் அச்சட்டத்தின்கீழ் நிகழ்ந்த தொடக்ககால வழக்கு வேறொரு சித்திரத்தைத் தருகிறது. 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம், 67ஆம் பிரிவின்கீழ் நாட்டின் முதல் தண்டனை எனப் பரவலாகக் குறிக்கப்படும் தீர்ப்பை வழங்கியது. விவாகரத்துப் பெற்ற பெண் ஒருவரின் பெயரில் பொய் மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கி, இணையக் குழு ஒன்றில் அவரைப் பற்றி ஆபாசமாக எழுதி, அவருடைய தொலைபேசி எண்ணையும் பரப்பிய ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது. அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. அப்பெண்ணை ஏற்கெனவே அறிந்தவர். அந்த எண்ணைக் கண்டு அழைத்து அப்பெண்ணைத் துன்புறுத்திய முகமறியாப் பலரோ சட்டத்தின் பார்வைக்கு வெளியே நின்றனர்.

2008இல் நிறைவேறி 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது. அடையாளத் திருட்டுக்கு 66சி, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை இசைவின்றிப் படம்பிடித்தல், வெளியிடுதல், அனுப்புதல் ஆகியவற்றுக்கு 66இ, பாதுகாப்பில் தவறும் நிறுவனம் இழப்பீடு வழங்க 43ஏ என்ற பிரிவுகள் சேர்ந்தன. அனுப்புதலும் குற்றமே என்பது ஏட்டில் ஏறியது. 2013ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தம் மேலும் ஓரடி சென்றது. படம் எடுக்க இசைந்த பெண், அதைப் பிறருக்குப் பரப்ப இசைந்தவர் ஆகமாட்டார் என்று அது தெளிவுபடுத்தியது.

4. பொள்ளாச்சி: பொறுப்பு தவறிய கைகள்

கொங்கு வட்டாரத்தில் இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பக்கம் பொள்ளாச்சியில் எழுதப்பட்டது. இளம்பெண்களோடு பழகி, தனியிடத்திற்கு வரவழைத்து, வன்கொடுமை செய்து, அதைக் காட்சிப்பதிவாக்கி மிரட்டிய கும்பலைப் பற்றி 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் அளித்தார். அக்குற்றத்தின் கருவி கைப்பேசி. அதன் மூலதனம் பாதிக்கப்பட்டோரின் அச்சம். பதிவு வெளியானால் ஊரும் உறவும் தம்மையே பழிக்கும் என்று அப்பெண்கள் நம்பியதே மிரட்டியவர்களின் வலிமை. அந்த வகையில், படத்தைப் பார்த்துப் பெண்ணைப் பழிக்கும் சமூகம் தான் அறியாமலேயே மிரட்டுபவருக்குத் துணைநின்றது.

புகாருக்குப் பின் நடந்தவை தனியுரிமை ஆய்வுக்கு இன்னும் இன்றியமையாதவை. மாவட்டக் காவல்துறையின் உயர் அலுவலர் செய்தியாளர் சந்திப்பில் புகாரளித்த பெண்ணின் பெயரைக் குறிப்பிட்டார். வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றும் அரசாணையிலும் அவருடைய அடையாளம் இடம்பெற்றது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை எவ்வகையிலும் வெளியிடக்கூடாது என்று நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் உத்தரவிட்டு மூன்று மாதங்களே ஆகியிருந்தன. 2019 மார்ச் 15 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அடையாளத்தை நீக்கிப் புதிய அரசாணை வெளியிடவும், அப்பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. இதனிடையே காட்சிப்பதிவின் துணுக்குகள் கைப்பேசிகள் வழியே தமிழகமெங்கும் பரவின. அவற்றை அனுப்பியோரில் பலர் குற்றவாளிகள் மீது கொண்ட சினத்தால் அனுப்பியவர்கள். ஆயினும் மிரட்டியவர்கள் எதைச் செய்வதாக அச்சுறுத்தினார்களோ, அதையே அந்தச் சினமும் செய்து முடித்தது.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்து, சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. சாட்சிகளில் எவரும் பிறழ்சாட்சியாகவில்லை என அரசுத் தரப்பு வழக்கறிஞர் தெரிவித்தார். மூடிய அறையில் நடந்த விசாரணையும், பெயர் வெளிவராது என்ற உறுதியும், மீட்கப்பட்ட மின்னணுச் சான்றுகளும் சேர்ந்தே இத்தீர்ப்பைச் சாத்தியமாக்கின. தனியுரிமை குற்றத்தை மறைக்கும் திரை என்ற வாதத்திற்கு இவ்வழக்கு மறுப்பாக நிற்கிறது. தனியுரிமை காக்கப்பட்ட இடத்தில்தான் உண்மை பேசப்பட்டது.

தமிழ் இலக்கிய மரபில் இதற்கு இணையாக எண்ணத்தக்க ஒரு நெறி உண்டு. அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்று தொல்காப்பிய அகத்திணையியல் விதிக்கிறது. அது செய்யுள் மரபே, சட்டம் அன்று. ஆயினும் ஒருவரின் அகவாழ்வைப் பேசலாம், அவர் இன்னார் என்று காட்டலாகாது என்ற நுண்மை அதில் அமைந்துள்ளது. புறங்கூறாமைக்குத் திருக்குறள் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருப்பதும் நினைவிற்குரியது. இரண்டிலும் கட்டுப்பாடு சொல்பவருக்கே விதிக்கப்படுகிறது; சொல்லப்படுபவருக்கு விதிக்கப்படவில்லை.

5. பெருந்தரவும் ஒற்றைக் கடவுச்சொல்லும்

கைப்பேசிப் பதிவு ஒருவரையோ சிலரையோ தாக்குகிறது. தரவுத்தளக் கசிவு இலட்சக்கணக்கானோரை ஒருசேரத் தாக்குகிறது. தமிழ்நாடு காவல்துறை 2021 முதல் பயன்படுத்திவந்த முக அடையாள மென்பொருளின் தளத்தில் ஊடுருவல் நிகழ்ந்தது 2024 மே மாதம் தெரியவந்தது. நிர்வாகி கணக்கு ஒன்றின் கடவுச்சொல் பிறர் கைக்குச் சென்றதே காரணம் என்பது முதற்கட்ட விசாரணையின் முடிவு. கடவுச்சொல்லை மாற்றலாம், வங்கிக் கணக்கை மாற்றலாம். முகத்தை மாற்ற இயலாது. அத்தகைய தகவல் ஓர் அலுவலரின் கடவுச்சொல்லை நம்பியிருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் டெலிகிராம் செயலியின் தானியங்கிக் கணக்குகள் வழியே எவருக்கும் கிடைத்தன. 3.1 கோடிப் பேரின் தகவல் தன்னிடம் இருப்பதாக ஊடுருவியவர் கூறிக்கொண்டார். மருத்துவ அறிக்கைகளும் அவற்றுள் இருந்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. காப்பீட்டு விண்ணப்பத்தில் தம் நோயை மறைத்தால் உரிமை இழப்பு நேரும் என்பதால் உண்மையை எழுதியவர்களே இங்கு பாதிக்கப்பட்டோர். தம் பொறுப்பை ஒழுங்காக நிறைவேற்றியவர்கள் அதனாலேயே வெளிப்பட்டுப்போயினர்.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி அளித்த பாலியல் புகாரின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் வெளியானது. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய சட்டத்திற்கு மென்பொருள் மாற்றப்பட்டபோது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு காரணமாகக் கூறப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் மாணவிக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2019இல் ஓர் அரசாணை, 2024இல் ஒரு தரவுத்தளம். பிழையும் இழப்பீட்டுத் தொகையும் ஒன்றே. ஐந்தாண்டு இடைவெளியில் கருவி மாறியது. பிறர் பெயரைக் கையாளும் பழக்கம் மாறவில்லை.

6. பொறுப்பின் இன்றைய பங்கீடு

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவைக் கையாளும் நிறுவனங்களுக்குப் பாதுகாப்புக் கடமையை விதித்து, தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவுக்கு உரிய தனிமனிதருக்கும் 15ஆம் பிரிவு கடமைகளை விதிக்கிறது. ஆள்மாறாட்டம் செய்தல், பொய்யான முறையீடு அளித்தல் முதலியவற்றுக்கு 10,000 ரூபாய் வரை தண்டம் உண்டு.

இச்சட்டத்தின் விலக்குகள் கவனத்திற்குரியன. தனிப்பட்ட அல்லது வீட்டுப் பயன்பாட்டிற்காக ஒருவர் கையாளும் தரவு இதன் வரம்பிற்குள் வராது. குடும்பக் குழுக்களில் ஒருவரின் நோய்ச்செய்தியையும், மகளிரின் ஒளிப்படத்தையும், பக்கத்து வீட்டுச் சண்டையின் பதிவையும் பகிரும் அன்றாடப் பழக்கத்தை இச்சட்டம் பெரும்பாலும் தொடுவதில்லை. அரசின் சில அமைப்புகளுக்கு விலக்களிக்கவும் இதில் இடமுண்டு. அதாவது பொள்ளாச்சியில் தவறிய இரு கைகளாகிய அலுவலரின் கையும் பகிர்பவரின் கையும் இச்சட்டத்தின் விளிம்பில் நிற்கின்றன. அவற்றுக்கு வேறு சட்டங்களே பதில் சொல்ல வேண்டியுள்ளது.

அஞ்சலகச் சட்டத்தின் இன்றைய நிலை இதனோடு ஒப்பிடத்தக்கது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் இடைமறிக்கும் அதிகாரத்தைத் தக்கவைத்துக்கொண்டது. கடமைக்கு மாறாக அஞ்சலைத் திறக்கும் அலுவலருக்கான பழைய தண்டனைப் பிரிவு அதில் இடம்பெறவில்லை. குடியேற்ற ஆட்சிச் சட்டத்தில் இருந்த இருமுகங்களுள் குடிமக்களுக்குக் காப்பாக இருந்த முகமே மறைந்தது.

முடிவுரை

மேற்கண்ட நிகழ்வுகள் மூன்று முடிவுகளுக்கு இட்டுச்செல்கின்றன. முதலாவதாக, தனியுரிமை மீறலைத் திறமைமிக்க ஊடுருவலாளரின் செயலாக மட்டும் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. எழும்பூர் வழக்கில் அறிமுகமானவரும், பொள்ளாச்சியில் நண்பராக நடித்தவரும் அலுவலரும் பகிர்ந்தவரும், 2024இல் காக்கத் தவறிய அமைப்புகளும் அந்த இடத்தில் நின்றனர். இரண்டாவதாக, தன் தகவலைத் தானே காத்துக்கொள்ளுதல் தேவையே. ஆனால் அரசுக்கும் மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்திற்கும் தகவலைத் தராமல் வாழ இயலாத காலத்தில், அந்த அறிவுரை மட்டும் போதாது. ஒப்படைத்தவரைக் குறைகூறும் முன் ஒப்படைக்கப்பட்டவரை வினவவேண்டும். மூன்றாவதாக, இணையக் காலத்தின் தனிமனிதப் பொறுப்பு என்பது முதன்மையாகப் பிறர் தகவலின் மீதான பொறுப்பே ஆகும்.

ஆர்.எஸ்.புரத்து அஞ்சல்காரர் ஒருவர் தம் பையில் இருந்த உறைகளைத் திறக்காமல் வீடுவீடாகச் சேர்த்தபோது, சட்டமும் தொழிலறமும் அவரைக் கட்டியிருந்தன. இன்று அந்தப் பை ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. அதைச் சுமப்பவர்க்குரிய அறத்தைச் சட்டக்கல்வியும் தமிழ்க்கல்வியும் சேர்ந்து கற்பிக்க வேண்டும். அடுத்த முறை ஒரு மாணவி காவல்நிலையப் படியேறும்போது, அவருடைய பெயர் அந்த அறைக்குள்ளேயே இருக்கும் என்று அவரால் நம்ப முடிவதே அக்கல்வியின் பயன்.